புலி வருது விளக்கு - டயர் காற்று எச்சரிக்கையின் கதை

கார் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அடியில் பல் பல்லாகக் கோடு, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதை டயர் என்று நினைப்பதில்லை. குக்கர், ஊறுகாய் ஜாடி, அண்டா என்று பலவிதமான விளக்கங்களை நான் கேட்டிருக்கிறேன். :-) உண்மையில் அது டயரை நடுவில் வெட்டிப் பார்த்தால் தெரிகிற தோற்றம். "ஏதோ ஒரு சக்கரத்தில் காற்று கம்மி" என்பது அதன் அர்த்தம்.

கார் புதுசாக இருக்கும்போது இந்த விளக்கு எரிந்தால் எல்லோரும் பதறுவார்கள். எட்டு வருஷம், பத்து வருஷம் ஆன காரில் எரிந்தால் யாரும் பதறுவதில்லை. "அது அப்படித்தான் எரியும், விடு" என்பார்கள். புலி வருது கதைதான். அந்தக் கதையில் கடைசியில் புலி நிஜமாகவே வரும் என்பதுதான் சிக்கல். காற்று இருந்தும் இந்த விளக்கு ஏன் எரிகிறது, முதலில் இது ஏன் வந்தது என்று தேடிப் போனதில், அயர்லாந்து, அமெரிக்கக் கோர்ட், ஒரு சம்பந்தி சண்டை என்று எங்கெங்கோ போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

காற்றில் இருந்து ஆரம்பிக்கலாம். டயருக்குள் காற்றை அடைக்கலாம் என்று முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-ல். அப்போது அவருக்கு வயது 23. காரும் கிடையாது, சைக்கிளும் இன்றைய வடிவத்துக்கு வரவில்லை. குதிரை வண்டிக்குத்தான் போட்டுக் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்பாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் குலுங்காமல் ஓடுவதற்காக அதே யோசனையைத் தானாகவே மறுபடி கண்டுபிடித்தார். இரண்டு வருஷத்தில் "இது ஏற்கெனவே தாம்சன் சொன்னதுதான்" என்று சொல்லி அவருடைய காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் பெயர் டன்லப்புக்குத்தான் நின்றது. சென்னைக்காரர்களுக்கு அம்பத்தூரில் அந்தப் பெயரில் இருந்த ஃபேக்டரி ஞாபகம் இருக்கும்.

காற்று வந்ததும் கூடவே பஞ்சரும் வந்துவிட்டது. அந்தக் காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டவேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லானெலி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலேயே அதன் பக்கத்தில் இதைக் கவ்வவைத்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அவருடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. ஆமாம், நம்ம லாரி டிரைவர்கள் சொல்கிற அதே ஸ்டெப்னிதான்! அந்தத் தெருப் பெயர் கம்பெனி பெயராகி, கம்பெனி பெயர் பொருளின் பெயராகி இங்கே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் இன்று ஸ்டெப்னி என்றால் பலருக்குப் புரியாது. சிவகாசி பஞ்சர் கடையில் ஸ்டெப்னி என்று சொல்லாவிட்டால்தான் புரியாது.

நம்ம பக்கத்தில் டயர் என்பது எப்போதுமே ஒரு பெரிய செலவு. மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலம் தொட்டே இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் டி.வி.எஸ். கரி வாயுவில் வண்டி ஓட்ட கேஸ் பிளான்ட் செய்து விற்றது பலருக்குத் தெரியும். தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிலிலும் அவர்கள் இறங்கினார்கள். இன்னொரு பக்கம் 1946-ல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஒரு கொட்டகை போட்டார். 1952-ல் அந்தக் கம்பெனி ரீட்ரெடிங்குக்கான ரப்பர் பட்டை செய்ய ஆரம்பித்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து டயருக்கே வந்துவிட்டது. அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனில் ஆரம்பித்தவர்கள் டயருக்கு வந்தது ஒருவகையில் நியாயம்தான், இரண்டுமே ரப்பருக்குள் காற்று. பலூனில் காற்று குறைந்தால் பார்த்ததும் தெரியும், டயரில் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

காற்று குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்து முடியாது. இன்றைய ரேடியல் டயர் சரியான காற்றிலேயே கொஞ்சம் அமுங்கித்தான் நிற்கும். 33 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய டயரில் 25 இருந்தாலும் பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியாது. எங்கள் ஊர் லாரிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் கருவி ஒரு இரும்பு ராடு. நான் சொல்வது விருதுநகர் மாவட்ட ஆலங்குளம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு, அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே சிமெண்ட் லோடு, சுண்ணாம்புக்கல் லோடு, சிவகாசியில் இருந்து வடக்கே போகிற பட்டாசு லோடு, காலண்டர் லோடு என்று லாரிக்குப் பஞ்சமில்லை. டீ குடிக்க நிறுத்தும்போது கிளீனர் இறங்கி ராடால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காற்று சரியாக இருந்தால் ராடு துள்ளித் திரும்பும், சத்தம் கணீரென்று இருக்கும். இல்லாவிட்டால் 'தொப்'. பின்பக்கம் ஜோடி டயரில் இதுதான் முக்கியம். உள் டயரில் காற்றே இல்லாவிட்டாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு டயர் இரண்டு டயர் பாரத்தைச் சுமந்து சூடாகி, பிறகு வெடிக்கும்.

காற்று குறைந்தால் டயர் ஏன் சூடாகிறது? சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் டயரின் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று குறைவாக இருந்தால் அதிகமாக மடங்கும். ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடாகுமே, அதே மாதிரி. கூடவே சித்திரை வெயில், தார் ரோடு, வேகம், பாரம். உள்ளே இருக்கும் எஃகு பெல்ட்டும் ரப்பரும் பிரிந்து வந்துவிடும். இதுதான் 2000-ல் அமெரிக்காவில் ஊரையே உலுக்கியது.

அங்கே போவதற்கு முன் ஒரு சின்னக் கிளைக்கதை. டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கு என்பதே 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் பரவலான விஷயம். முள் மீட்டருக்குப் பதில் விளக்கு. மீட்டரைப் படிக்கத் தெரிந்தவர்கள் இதை 'முட்டாள் விளக்கு' என்று கிண்டல் செய்தார்கள். மீட்டர் "எவ்வளவு" என்று சொல்லும். விளக்கு "ஆமாம், இல்லை" மட்டும்தான் சொல்லும். டயர் விளக்கின் பாதி வம்பு இதில் இருந்தே வருகிறது.

டயருக்குள்ளேயே உணரி வைத்துக் காற்றைக் கவனிக்கும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்த கார் 1986-ன் போர்ஷே 959 என்பார்கள். அந்தக் காரின் டயர்கள் காற்று போனாலும் ரிம்மில் இருந்து கழன்றுவிடாமல் கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை. அப்படி ஒரு டயர் போட்டால் காற்று போனது டிரைவருக்கே தெரியாது, சொல்வதற்கு ஆள் வேண்டும். ஆக இது ஆரம்பத்தில் பணக்காரர்களின் ரேஸ் கார் வசதி. சாதாரணக் காருக்கு வந்ததற்குக் காரணம் சம்பந்தி சண்டை.

ஹென்றி ஃபோர்டும் டயர் கம்பெனி நடத்திய ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நெருங்கிய நண்பர்கள். 1900-களின் ஆரம்பத்தில் இருந்தே ஃபோர்டு காருக்கு ஃபயர்ஸ்டோன் டயர். 1947-ல் ஃபோர்டின் பேரனுக்கும் ஃபயர்ஸ்டோனின் பேத்திக்கும் கல்யாணமே நடந்தது. அந்தத் தம்பதியின் மகன் வில்லியம் கிளே ஃபோர்டு ஜூனியர்தான் 2000-ல் ஃபோர்டு கம்பெனியின் சேர்மன். இரண்டு வீட்டுக்கும் கொள்ளுப்பேரன்! (ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1988-லேயே ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கைக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.)

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டியில் ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள். 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத்து டிவி ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். கணக்கெடுத்ததில் அமெரிக்காவில் மட்டும் சாவு 200-ஐத் தாண்டியது. ஃபோர்டு, "டயர் மோசம்" என்றது. ஃபயர்ஸ்டோன், "வண்டி மோசம்" என்றது. இதில் நமக்கு முக்கியமானது காற்றுக் கணக்கு. அந்த டயரில் 26 பிஎஸ்ஐ அடிக்கச் சொல்லியிருந்தது ஃபோர்டு. 30 என்று பின்னர் வாதாடியது ஃபயர்ஸ்டோன். 26-ல் ஆரம்பித்தால் மாதம் ஒன்று, இரண்டு என்று இயல்பாகக் கசிந்தாலே சீக்கிரம் ஆபத்தான அளவுக்கு வந்துவிடும், டெக்சாஸ் வெயிலில் கேட்கவே வேண்டாம். 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன், "இனிமேல் உங்களுக்கு டயர் தருவதில்லை" என்று அமெரிக்காவில் உறவை முறித்துக்கொண்டது. ஏறக்குறைய நூறு வருஷ சம்பந்தம்.

2000 நவம்பர் 1-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இதன் விளைவு. புதுக் கார்களில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. எப்படி எச்சரிப்பது என்பதில்தான் அடுத்த சண்டை ஆரம்பித்தது. பொய் எச்சரிக்கையின் வேரும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வழி இரண்டு. முதலாவது நேரடி முறை: ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடியில், ஒரு சின்ன உணரி. அதில் ஒரு பட்டன் பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ. அழுத்தத்தை அளந்து காருக்குச் சொல்லும். இரண்டாவது மறைமுக முறை: டயருக்குள் எதுவுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும் உணரியையே பயன்படுத்துவது. காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் குறையும், ஆரம் குறைந்தால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றவேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றினால் விளக்கைப் போடு. செலவு மிகக் குறைவு. கம்பெனிகளுக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

2002-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, இரண்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற மாதிரி விதி போட்டது. நான்கு டயரையும் கவனித்து 25 சதவீதம் குறைந்தால் சொல்வது ஒரு வழி, ஏதாவது ஒரு டயரில் 30 சதவீதம் குறைந்தால் சொல்வது இன்னொரு வழி. நுகர்வோர் அமைப்பான பப்ளிக் சிட்டிசன் கோர்ட்டுக்குப் போனது. வாதம் எளிமையானது. மறைமுக முறை ஒரு சக்கரத்தை இன்னொரு சக்கரத்தோடு ஒப்பிடுகிறது. நான்கிலும் ஒன்றாகக் காற்று குறைந்தால்? எல்லாமே ஒரே வேகத்தில் சுற்றும், விளக்கு எரியாது. ஆறு மாதம் காற்றே பிடிக்காத காரில் நடப்பது அதுதானே! 2003 ஆகஸ்டில் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. 2005 ஏப்ரலில் புது விதி வந்தது: எந்த டயரில், எத்தனை டயரில் குறைந்தாலும், நிர்ணயித்த அளவுக்கு 25 சதவீதம் கீழே போனால் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரியவேண்டும். 2007 செப்டம்பர் 1 முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ஐரோப்பாவில் 2012-ல் புது மாடல்களுக்கும், 2014 நவம்பரில் எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது.

அந்த 2005 விதியில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள், பலர் கவனிப்பதில்லை. காற்று குறைந்தால் விளக்கு நிலையாக எரியவேண்டும். ஏற்பாடே கெட்டுப்போனால், அதாவது உணரி பேசவில்லை என்றால், வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரியவேண்டும். ஒரே விளக்கு, இரண்டு பாஷை. பழைய காரில் "பொய்" என்று திட்டப்படும் விளக்குகளில் பல இந்த இரண்டாவது பாஷைதான் பேசிக்கொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை, "எனக்குக் கண் தெரியவில்லை" என்கிறது. ஆனால் சாவியைப் போட்டதும் அந்த முதல் நிமிடத்தில் நாம் சீட் பெல்ட்டையும் பாட்டையும் தேடிக்கொண்டிருப்போம். மினுக்கியதைப் பார்க்கமாட்டோம். அப்புறம் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

கண் ஏன் தெரியாமல் போகிறது? பேட்டரி. உணரிக்குள் இருக்கும் பேட்டரியின் ஆயுள் சுமார் 5 முதல் 10 வருஷம். சக்கரத்தோடு சுற்றும்போது வரும் விசையையும் சூட்டையும் தாங்க, மொத்தத்தையும் பிசினில் புதைத்து மூடியிருப்பார்கள். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, உணரியையே மாற்றவேண்டும். நான்கும் ஒரே நாளில் பிறந்தவை, அதனால் ஒன்று போனால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. காரின் புத்தக மதிப்பு வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வரும், நான்கு உணரியின் விலை தேயாது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார். கணக்குப் பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் அந்த டேப்புக்குப் பதிலாக நானூறு ஐநூறு ரூபாய்க்கு ஒரு கை கேஜ் வாங்கி டிக்கியில் போட்டிருந்தால் கணக்கு இன்னும் சரியாக இருந்திருக்கும்.

பேட்டரிக்கு அடுத்த எதிரி கடப்பாரை. நம்ம ஊர் பஞ்சர் கடைகள் பல இந்த உணரி பிறக்கும் முன்பே தொழில் கற்றவை. ரிம்மில் இருந்து டயரைப் பிரிக்க லீவரைச் செருகி ஒரு நெம்பு, சம்மட்டியால் ஒரு அடி. வால்வு பக்கத்தில் நெம்பினால் உணரி அங்கேயே உடையும். டயரைக் கழற்றும் முன் "அண்ணே, வால்வுல சென்சார் இருக்கு" என்று சொல்லவேண்டியது நம்ம வேலை. பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றும் பசை, உணரியின் சின்னத் துளையை அடைத்துவிடுவதும் உண்டு.

மறைமுக முறைக் காரில் வேறு வகைக் குழப்பம். இரண்டு டயர் தேய்ந்துவிட்டது, இரண்டை மட்டும் புதிதாகப் போடுகிறோம். புது டயர் சில மில்லிமீட்டர் உயரம், அதனால் மெதுவாகச் சுற்றும். பழைய டயர் வேகமாகச் சுற்றும். கம்ப்யூட்டருக்கு அது காற்று குறைந்த டயர் மாதிரி தெரியும். வேறு கம்பெனி டயர் கலந்து போட்டாலும் அப்படித்தான். டயர் மாற்றினாலும் காற்று பிடித்தாலும் ரீசெட் பட்டனை அமுக்கி, "இதுதான் சரியான நிலை, கற்றுக்கொள்" என்று சொல்லவேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு அந்தப் புத்தகம் கைக்கு வந்திருக்காது. காற்று குறைவாக இருக்கும்போதே ரீசெட் செய்துவிட்டால் இன்னும் மோசம். குறைவான காற்றையே சரி என்று படித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பொய் எச்சரிக்கையைவிட இந்தப் பொய் அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. புள்ளியியல் பேப்பரில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று மனப்பாடம் செய்தோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, பழுதே இல்லாமல் வரும் "பொய்". இது முழுக்கப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். ஒரு கார், நிர்ணயித்த காற்று 33 பிஎஸ்ஐ. கவனிக்காமல் விட்டதில் மதியம் 38 டிகிரியில் 28 இருக்கிறது. அமெரிக்க விதிப்படி விளக்கு எரியும் அளவு சுமார் 24.7. ஆகவே எரியவில்லை. அந்தக் காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போகிறோம். மறுநாள் காலை குளிர் 8 டிகிரி. நாம் 28 என்று சொல்வது வெளிக் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. உள்ளே உண்மையான அழுத்தம் 28-உடன் 14.7-ஐக் கூட்டினால் வரும் 42.7. குளிரில் அது சுமார் 38.6 ஆகக் குறையும். பல உணரிகள் இந்த முழு அழுத்தத்தைத்தான் அளக்கின்றன. பல கார்கள் அதில் இருந்து கடல் மட்டத்து 14.7-ஐக் கழித்துக் காட்டும். வருவது 23.9. விளக்கு எரியும். பதறிப் போய்க் கை கேஜை வைத்துப் பார்த்தால்? கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர் உயரம், அங்கே வெளிக் காற்றே சுமார் 11.4 பிஎஸ்ஐதான். கேஜ் 27 காட்டும். "27 இருக்கே, அப்புறம் ஏன் எரியுது? சென்சார் போச்சு" என்று முடிவு கட்டி மலை இறங்குவோம். கீழே வெயிலில் விளக்கு தானாக அணைந்துவிடும், முடிவு இன்னும் உறுதியாகிவிடும். உண்மையில் எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. 33 இருக்கவேண்டிய டயர் மதியச் சூட்டிலேயே 28-ல் கிடந்தது என்பதை மலை காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மலைக்குப் போகாமலும் இது நடக்கும். வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்து, டயர் கொதிக்கும்போது பெட்ரோல் பங்கில் "33 வை" என்போம். உள்ளே 55 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலை 23 டிகிரியில் அது 28 சொச்சம்தான். அடுத்த மாதம் இயல்பான கசிவும் சேர்ந்தால் மார்கழிக் காலையில் விளக்கு எரிந்து, பத்து மணிக்கு அணையும். அதனால்தான் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும் என்கிறார்கள். காலையில் எரிந்து மதியம் அணைகிற விளக்கை நம்பலாம் என்பது என் கருத்து. வண்டியை எடுத்ததும் மினுக்கிவிட்டு நாள் முழுக்க எரிவதுதான் உணரிக் கோளாறு. எதுவானாலும் முதலில் நான்கு சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் திட்டவேண்டும்.

வேண்டுமென்றே உண்டாக்கிய பொய்யும் ஒன்று உண்டு. 2010-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குட்டி ரேடியோவை ஒட்டுக்கேட்டார்கள். உணரி அனுப்பும் செய்திக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. 40 மீட்டர் தள்ளி இருந்தே கேட்க முடிந்தது. அதே மாதிரி போலிச் செய்தி அனுப்பியதில், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துக் காரில் விளக்கு எரிந்தது. டயரில் காற்று கச்சிதமாக இருந்தது! தொடர்ந்து சோதித்ததில் அந்தக் காரின் காற்றுக் கணிப்பான் ஒரேயடியாகச் செத்தும் போனது. ரோட்டோரம் போலி எச்சரிக்கை கொடுத்து நிறுத்தவைத்துக் கொள்ளையடிக்கலாமே என்று உடனே தோன்றும். நம்ம ஊரில் அதற்கு ரேடியோ தேவையில்லை. "சார், பின் டயர்ல காத்து இல்ல" என்று பைக்கில் வந்து சொன்னாலே போதும்.

இவ்வளவு குறை இருந்தும் விளக்கால் பயன் உண்டா? 2012-ல் அமெரிக்கத் துறை வெளியிட்ட ஆய்வில், இந்த ஏற்பாடு உள்ள கார்களில் டயர் மிக மோசமாகக் காற்று குறைந்து ஓடுவது ஏறக்குறைய 56 சதவீதம் குறைந்திருந்தது. பாதிக்கு மேல் என்பது சின்ன விஷயமில்லை. இங்கிலாந்தில் 2012 முதல் பதிவான கார்களில் இந்த விளக்கு கோளாறென்று எரிந்துகொண்டிருந்தால் வருடாந்தரச் சோதனையில் ஃபெயில் என்று 2015-ல் விதியே போட்டுவிட்டார்கள். அங்கே கறுப்பு டேப் செல்லாது.

இந்தியாவில் கதை வேறு பக்கமாகத் திரும்பியது. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட, டிரைவரோடு ஒன்பது பேருக்கு மிகாத வண்டியில் டியூப்லெஸ் டயர், காற்று எச்சரிக்கை ஏற்பாடு, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை, 2020 அக்டோபர் 1 முதல். எடை குறையும், இடம் கிடைக்கும், மின்சாரக் காரில் பேட்டரிக்கு வசதி என்று காரணங்கள். லானெலி ஊர் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் பிறந்த சக்கரத்தின் இடத்தில் இப்போது ஒரு மஞ்சள் விளக்கும் ஒரு பசை டப்பாவும். புதுக் காரில் நல்ல ஏற்பாடுதான். அதே கார் பத்து வருஷம் கழித்து, உணரி பேட்டரி தீர்ந்து, விளக்கு மேல் டேப் ஒட்டி, மூன்றாவது ஓனர் கையில் ராத்திரி பதினொரு மணிக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் போகும்போது அதில் ஸ்டெப்னியும் இருக்காது, சொல்வதற்கு ஆளும் இருக்காது. இதை அந்த விதி யோசித்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது லாரி, பஸ்ஸுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமாகிவிட்டது. இங்கே லாரிகளில் இன்னும் அந்த இரும்பு ராடுதான். அதற்குப் பேட்டரி கிடையாது.